அண்ணன் ஒல்லி, தம்பி குண்டு: புரோஸ்டேட் புற்றுநோய் எடை பார்த்து வருமா?

கேள்வி: டாக்டர், எனக்கு 57 வயது. பேருந்து ஓட்டுநர். உயரம் 168 செ.மீ., எடை 92 கிலோ. என் அண்ணனுக்கு (64) இரண்டு ஆண்டுகளுக்கு முன் புரோஸ்டேட் புற்றுநோய் என்று சொன்னார்கள். கதிரியக்கச் சிகிச்சை முடிந்து, இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹார்மோன் ஊசி போடுகிறார். ஆயுள் முழுக்க ஒல்லியாகவே இருந்தவர் அவர். சின்ன வயதிலிருந்தே குண்டு நான்தான். அவருக்கு வந்தது, எனக்கு வரவில்லை. அப்படியென்றால் எடைக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தம் உண்டா, இல்லையா? ஊசி ஆரம்பித்த பிறகு அண்ணன் எட்டு கிலோ ஏறிவிட்டார். உடம்பு தேறிவிட்டது என்று அண்ணிக்கு ஒரே சந்தோஷம். அது நல்லதுதானே? புரோஸ்டேட்டுக்கு நல்லது என்று நண்பர் ஒருவர் வைட்டமின் இ, செலினியம் மாத்திரைகள் வாங்கித் தந்தார். சாப்பிடலாமா? நானும் பிஎஸ்ஏ இரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். 3.6 வந்தது. 4க்குக் கீழே இருப்பதால் பயமில்லை என்றார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் 2.1 இருந்தது.
(வாசகர், ஜூரோங் வெஸ்ட், சிங்கப்பூர்)

பதில்:

இவ்வளவு நீளமான கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது, போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன அந்தக் கடைசி வரிதான். 2.1 எப்படி 3.6 ஆனது என்பதற்கு வருகிறேன். அதற்கு முன் அண்ணன் தம்பி கணக்கை முடித்துவிடுவோம், ஏனென்றால் அது புரிந்தால்தான் இந்த எண்ணும் புரியும்.

உங்கள் வாதத்தில் பாதி சரி. பெருங்குடல் புற்றுநோய், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வரும் மார்பகப் புற்றுநோய், கருப்பைப் புற்றுநோய் போன்றவற்றில் எடை கூடக் கூட நோய் வரும் வாய்ப்பும் கூடுகிறது. ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சின்னச் சுரப்பியான புரோஸ்டேட் அவ்வளவு நேர்க்கோட்டில் போவதில்லை. யாருக்கு வரும் என்பதை வயதும் குடும்பமும்தான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. அப்பாவுக்கோ கூடப் பிறந்த அண்ணன் தம்பிக்கோ இருந்தால், ஒருவருக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. உங்கள் அண்ணன் ஒல்லியாக இருந்தது அவரைக் காப்பாற்றவில்லை என்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை. இன்னும் வேடிக்கை, ஆரம்பக் கட்டப் புற்றுநோய் குண்டான ஆண்களிடம் சற்றுக் குறைவாகவே பதிவாகிறது என்றுகூடச் சில ஆய்வுகள் சொல்கின்றன.

இதைக் கேட்டதும் இன்னொரு பிராட்டாவுக்குச் சொல்லிவிடாதீர்கள்.

எடை தன் வேலையைக் காட்டுவது நோய் வந்த பிறகு. புரோஸ்டேட் புற்றுநோயில் பெரும்பகுதி மந்தமானது. வயதான ஆண்கள் பலர் அது உள்ளே இருப்பதே தெரியாமல் வேறு ஏதோ காரணத்தால் இறந்துபோகிறார்கள். ஒரு சிறு பகுதிதான் முரட்டுத்தனமானது. சீக்கிரம் பரவும், எலும்புக்குப் போகும். உடல் பருமனுக்கும் இந்த முரட்டு வகைக்கும்தான் உறவு. 2003இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் வெளியிட்ட ஆய்வு 900,000 பேரை 16 ஆண்டுகள் பின்தொடர்ந்தது. அதில் பிஎம்ஐ (உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் காட்டும் எண்) 30 முதல் 35 வரை இருந்த ஆண்கள் புரோஸ்டேட் புற்றுநோயால் இறப்பது, சரியான எடை உள்ளவர்களைவிட 20 விழுக்காடு அதிகம். 35ஐத் தாண்டியவர்களிடம் 34 விழுக்காடு. 2022இல் ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைச் சேர்த்து 2.5 மில்லியன் ஆண்களின் விவரங்களைப் பார்த்தார்கள். பிஎம்ஐ 5 புள்ளி கூடினால் இந்த நோயால் இறக்கும் வாய்ப்பு 10 விழுக்காடும், இடுப்புச் சுற்றளவு 10 செ.மீ. கூடினால் 7 விழுக்காடும் கூடுகிறது என்று கண்டார்கள்.

இந்த விழுக்காடுகளைப் பார்த்துக் கலங்க வேண்டாம். சிகரெட்டுக்கும் நுரையீரலுக்கும் உள்ள உறவோடு ஒப்பிட்டால் இது சின்னது. இந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் மேற்கத்திய ஆண்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் திரும்பத் திரும்ப ஒரே திசையைத்தான் காட்டுகின்றன.

ஏன் இப்படி? வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு சும்மா கிடக்கும் மூட்டை என்று நினைக்கிறோம். அது ஓயாமல் வேலை செய்யும் தொழிற்சாலை. அழற்சியைத் தூண்டும் பொருள்களை இரத்தத்தில் விடுகிறது, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைப் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜெனாக மாற்றுகிறது, இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடுவதில்லை. உடம்பு அதை ஈடுகட்ட இன்னும் இன்சுலின் சுரக்கிறது. செல்களை வளரச் சொல்லும் சமிக்ஞைகளில் இன்சுலினும் ஒன்று. நல்ல செல்லா, கெட்ட செல்லா என்று அது பார்ப்பதில்லை. குண்டானவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவாக இருக்கும், அந்தக் குறைந்த சூழலிலும் தாக்குப்பிடித்து வளரும் செல்கள்தான் முரட்டு வகையாகின்றன என்று ஒரு விளக்கமும் உண்டு. இதில் எதற்கு எவ்வளவு பங்கு என்று ஆராய்ச்சியாளர்களே இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது உங்கள் 3.6.

பிஎஸ்ஏ என்பது புரோஸ்டேட் சுரப்பி உற்பத்தி செய்யும் ஒரு புரதம். கொஞ்சம் இரத்தத்தில் கசியும். நாம் அளப்பது அதன் மொத்த அளவை அல்ல, ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதை. கோப்பிக்கடையில் ஒரே கரண்டி சீனியைச் சின்னக் கிளாசிலும் கலக்கலாம், பெரிய மக்கிலும் கலக்கலாம். மக்கில் தித்திப்பு குறைவாகத் தெரியும். போட்ட சீனி அதேதான். கனத்த உடம்பு பெரிய மக். அதில் ஓடும் இரத்தம் அதிகம், பிஎஸ்ஏ நீர்த்துப்போகிறது. 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதை அளந்தே காட்டியது: பிஎம்ஐ 35க்கு மேல் உள்ளவர்களின் பிஎஸ்ஏ, சரியான எடை உள்ளவர்களுடையதைவிட 11 முதல் 21 விழுக்காடு குறைவு. ஆரம்பக் கட்ட நோய் குண்டானவர்களிடம் குறைவாகப் பதிவாகிறது என்று மேலே சொன்னேன் அல்லவா? அதற்கு ஒரு காரணம் இது. எண் குறைவாகத் தெரிந்தால் யாரும் மேலே தேடுவதில்லை. தேடாததால் கிடைப்பதில்லை. கிடைக்கும்போது நோய் முற்றியிருக்கிறது. அப்படியே தேடினாலும் ஆசனவாய் வழியாக விரலால் தொட்டுப் பார்ப்பது பெரிய உடம்பில் கடினம். சுரப்பியும் பெரிதாக இருந்தால், ஊசி வைத்துத் திசு எடுக்கும்போது கட்டி தப்பிவிடவும் கூடும்.

உங்கள் பிஎம்ஐ 32.6. இங்கே ஆசியர்களுக்கு 23க்கு மேல் போனாலே கவனம் தேவை என்றும், 27.5 என்றால் அதிக ஆபத்து என்றும் எடுத்துக்கொள்கிறோம். ஒரே பிஎம்ஐயில் வெள்ளைக்காரரைவிட நமக்கு உடல் கொழுப்பு அதிகம், அதிலும் இந்தியர்களுக்கு அது வயிற்றில்தான் போய் உட்காரும். 35 அளவுக்கு நீங்கள் இல்லாததால் நீர்த்துப்போவதும் அந்த அளவுக்கு இருக்காது. இத்தனை விழுக்காடு கூட்டிக்கொள் என்று சூத்திரம் எதுவும் மருத்துவர்கள் பயன்படுத்துவதில்லை, நீங்களும் கூட்டிப் பார்க்காதீர்கள். நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: உங்களைப் போன்ற ஒருவருக்கு 4 என்ற கோடு பாதுகாப்பு வேலி அல்ல. 3.9 வந்தால் நல்லவன், 4.1 வந்தால் கெட்டவன் என்று அந்தக் கோடு யாருக்குமே வேலை செய்வதில்லை. உங்கள் விஷயத்தில் அண்ணனுக்கு நோய், பெரிய உடம்பு, இரண்டு ஆண்டில் 1.5 ஏற்றம் ஆகிய மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்கின்றன. நான் உங்கள் மருத்துவராக இருந்தால், அடுத்த வருஷம் பார்ப்போம் என்று சொல்ல மாட்டேன்.

அதற்காக உங்களுக்குப் புற்றுநோய் என்று அர்த்தம் இல்லை. பிஎஸ்ஏ சின்னச் சின்னக் காரணங்களுக்கெல்லாம் ஏறும். சிறுநீர்த் தொற்று, சுரப்பி அழற்சி, வயதோடு வரும் சாதாரண வீக்கம், பரிசோதனைக்கு முந்தைய நாள் நீண்ட சைக்கிள் ஓட்டம், முந்தைய இரவு தாம்பத்தியம் எல்லாமே எண்ணை ஏற்றலாம். ஆகவே முதல் வேலை, சில வாரங்கள் கழித்து அதே பரிசோதனையைத் திரும்பச் செய்வது. முடிந்தால் அதே ஆய்வுக்கூடத்தில். அதற்கு முன் இரண்டு நாள் சைக்கிளும் தாம்பத்தியமும் வேண்டாம். எண் இறங்காவிட்டால் சிறுநீர்ப்பாதை நிபுணரிடம் (யூராலஜிஸ்ட்) அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். இப்போதெல்லாம் நேராக ஊசி வைப்பதில்லை, பெரும்பாலும் முதலில் எம்ஆர்ஐ எடுத்து, சந்தேகப்படும் இடம் இருந்தால்தான் திசு எடுக்கிறார்கள். மந்தமான வகையாக இருந்தால் அறுவை கூட இல்லாமல், பரிசோதனைகள் செய்துகொண்டே கண்காணிக்கலாம்.

ஒன்று கேட்க வேண்டும். முடி கொட்டுவதற்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா? சிரிக்காதீர்கள். ஃபினாஸ்டரைட் என்ற மருந்து வழுக்கைக்கும் தருகிறார்கள், புரோஸ்டேட் வீக்கத்துக்கும் தருகிறார்கள். பல மாதம் சாப்பிட்டால் பிஎஸ்ஏயைப் பாதியாக்கிவிடும். நோயாளி அதை மருந்துக் கணக்கிலேயே சேர்க்காமல், "மாத்திரை எதுவும் இல்லை டாக்டர்" என்பார். அப்படி ஒன்று இருந்தால் உங்கள் 3.6இன் கதையே வேறு.

சிங்கப்பூரில் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய்களில் முதல் மூன்று இடங்களுக்குள் புரோஸ்டேட் இருக்கிறது. அப்படியும், பெருங்குடலுக்கு இருப்பது போல எல்லாரையும் கூப்பிட்டுப் பரிசோதிக்கும் தேசியத் திட்டம் இதற்கு இல்லை. மந்தமான வகையைக் கண்டுபிடித்து, தேவையில்லாமல் சிகிச்சை செய்து, சிறுநீர் அடக்க முடியாமலும் தாம்பத்தியம் முடியாமலும் ஆக்கிவிடும் அபாயம் உண்டு என்பதே காரணம். அதனால் 50 வயதைத் தாண்டியவர்கள் மருத்துவரோடு பேசி முடிவெடுக்க வேண்டும், குடும்பத்தில் இருந்தால் இன்னும் முன்னதாகவே பேச வேண்டும். ஹெல்தியர் எஸ்ஜி என்ற தேசியச் சுகாதாரத் திட்டத்தில் நீங்கள் பதிந்திருக்கும் மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ இந்த இரண்டு அறிக்கைகளையும் கொண்டுபோய், "அண்ணனுக்கு இருக்கிறது" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். 3.6 என்ற ஒற்றை எண்ணைப் பார்ப்பவர் 'சரி' என்றுதான் சொல்வார். அவர் மேல் குற்றம் இல்லை.

அப்புறம் அண்ணன். "உடம்பு தேறிவிட்டது." நம் வீடுகளில் இதைவிடப் பெரிய ஆறுதல் வார்த்தை கிடையாது. நோயாளி மெலிந்தால் பயம், கொஞ்சம் சதை போட்டால் நெய்யும் முட்டையும் சேர்த்துக் கொண்டாட்டம். அண்ணியின் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனசில்லை. ஆனால் அந்த எட்டு கிலோ தேறியதால் வந்தது அல்ல, ஊசியால் வந்தது.

அந்த ஊசி டெஸ்டோஸ்டிரோனைக் கிட்டத்தட்ட நிறுத்திவிடுகிறது. புற்றுநோய்க்கு அதுதான் தீனி என்பதால் அந்தச் சிகிச்சை. ஆனால் தசையைக் கட்டிக் காப்பதும் அதே ஹார்மோன்தான். அமெரிக்காவில் 2002இல் வெளியான ஓர் ஆய்வில், இத்தகைய ஊசி போட்டவர்களை 48 வாரம் அளந்தார்கள். எடை 2.4 விழுக்காடுதான் கூடியது. உள்ளே பார்த்தால் கொழுப்பு 9.4 விழுக்காடு ஏறியிருந்தது, தசை 2.7 விழுக்காடு இறங்கியிருந்தது. எடைக்கருவி பாதிக் கதையைத்தான் சொல்கிறது. அண்ணனை அடுத்த முறை பார்க்கும்போது அவர் கைக்கடிகாரத்தைக் கவனியுங்கள். வார் மணிக்கட்டில் தளர்ந்து தொங்கும், பெல்ட்டோ இரண்டு ஓட்டை வெளியே நகர்ந்திருக்கும். இரண்டும் சேர்ந்து நடந்தால் அதுதான் நான் சொல்வது. சர்க்கரை நோய், இதய நோய், எலும்பு தேய்வு எல்லாம் இதன் பின்னால் வரிசையில் நிற்கும். இந்தச் சிகிச்சையில் இருப்பவர்களுக்குப் புற்றுநோய் அளவுக்கு இதயத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஊசியை நிறுத்தலாமா என்று மட்டும் யோசிக்க வேண்டாம், அது அவர் உயிரைக் காக்கிறது. அவர் செய்ய வேண்டியது தசைக்கு வேலை கொடுப்பது. நடை நல்லதுதான், ஆனால் நடை மட்டும் போதாது. நாற்காலியில் கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, தண்ணீர்ப் போத்தலைத் தூக்கி இறக்குவது என்று வீட்டில் ஆரம்பிக்கலாம். கனமான எடை தூக்குவதற்கு முன் எலும்பு வலுவாக இருக்கிறதா என்று அவருடைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். இரத்தச் சர்க்கரை, கொழுப்பு, எலும்பு அடர்த்தி மூன்றையும் பார்த்திருக்கிறார்களா என்றும் கேட்கட்டும். அண்ணியிடம் முட்டை இருக்கட்டும், மீன் இருக்கட்டும், நெய்யைக் குறைக்கலாம் என்று சொல்லுங்கள். புரதம் அவருக்கு உண்மையிலேயே தேவை.

இனி உங்கள் தொப்பை. எடை குறைத்தால் புரோஸ்டேட் புற்றுநோய் வராது என்று நான் சத்தியம் செய்ய முடியாது, அப்படி நிரூபித்த ஆய்வு இல்லை. ஆனால் வந்துவிட்டால், மெலிந்த உடம்பில் அறுவைச் சிகிச்சை எளிது, சிறுநீர்க் கட்டுப்பாடு சீக்கிரம் திரும்பும், ஹார்மோன் ஊசியைத் தாங்கும் சக்தியும் இருக்கும். அது போக, உங்கள் வயதில் இந்த எடையில் இருப்பவரை முதலில் அச்சுறுத்துவது புரோஸ்டேட் அல்ல, மாரடைப்பு.

பேருந்து ஓட்டுநர்களின் நாள் எனக்குத் தெரியும், என்னிடம் வருகிறவர்களில் பலர் அந்த வேலைதான். விடிவதற்கு முன்பே பணி, அவசரமாக ஒரு மீ கோரிங், நிலையத்துக்கு வரும்போதெல்லாம் ஒரு தே தாரிக். சாப்பாட்டை மாற்றச் சொன்னால் இரண்டு வாரம் தாங்குவீர்கள். அதனால் குடிப்பதிலிருந்து தொடங்குங்கள். தே தாரிக், தே சியூ தாய் (சீனி குறைவு), தே ஓ கோசோங் (பாலும் சீனியும் இல்லை) என்று மாதம் ஒரு படி இறங்குங்கள். ஒரே நாளில் கோசோங்குக்குப் போனவர்கள் மறுவாரமே திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன் (நானும் அவர்களில் ஒருவன், என் இடுப்பு இன்றைக்கும் 94 செ.மீ.). முதல் இலக்கு 87 கிலோ போதும். ஆறு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் அசைந்துகொடுக்கும். ஓட்டங்களுக்கு நடுவே கிடைக்கும் பத்து நிமிடத்தில் உட்காராமல் நிலையத்தைச் சுற்றி வேகமாக நடங்கள். புரோஸ்டேட் புற்றுநோய் வந்த ஆண்களிடமே, வாரம் மூன்று மணி நேரம் வேக நடை நடந்தவர்களுக்கு நோய் முற்றுவது குறைவாக இருந்தது என்று அமெரிக்க ஆய்வு ஒன்று கண்டிருக்கிறது. வேக நடை என்றால் பேச முடியும், பாட முடியாது, அந்த வேகம்.

எடைக்கருவியைவிட அளவு நாடாவை நம்புங்கள். விலாவின் கடைசி எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின், வயிற்றை உள்ளே இழுக்காமல் அளக்க வேண்டும். கால்சட்டை அளவு 36 என்பதெல்லாம் கணக்கில் வராது, தொப்பைக்குக் கீழே கட்டினால் யாருக்கும் 36தான். ஆசிய ஆண்களுக்கு 90 செ.மீ. எல்லை.

கடைசியாக, நண்பர் தந்த மாத்திரைகள். வேண்டாம். வைட்டமின் இயும் செலினியமும் புரோஸ்டேட் புற்றுநோயைத் தடுக்குமா என்று பார்க்க, 35,000 ஆண்களை வைத்து அமெரிக்காவில் ஒரு பெரிய சோதனையே நடத்தினார்கள். செலினியத்தால் பயன் இல்லை. வைட்டமின் இ மட்டும் சாப்பிட்டவர்களிடம் புரோஸ்டேட் புற்றுநோய் 17 விழுக்காடு கூடியது என்று 2011இல் அறிவித்தார்கள். நண்பர் நல்ல மனதோடுதான் தந்திருப்பார், அதனால் சண்டை வேண்டாம். அவரும் அதைச் சாப்பிடுகிறாரா என்று மட்டும் கேளுங்கள். சாப்பிடுகிறார் என்றால் இந்தப் பத்தியை அவருக்கு அனுப்பிவையுங்கள்.